மேல் சக்கரம் 4 மி.மீ. பின்னால் இருக்கிறது: பேண்ட்சாவில் வாஷர் போட்டு நேராக்கலாமா?

#1 மரத்தூள்

வணக்கம். என்னிடம் இருப்பது 14 அங்குல பேண்ட்சா, அதாவது மேலும் கீழுமாக இருக்கும் இரண்டு சக்கரங்களில் வளையமான ரம்பப் பிளேடு ஓடும் இயந்திரம். வார்ப்பிரும்புச் சட்டம், கை மாறி வந்தது. பிளேடு நீளம் 2375 மி.மீ., அகலம் 12 மி.மீ. ஒரு வாரமாக இதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

மேல் சக்கரத்தின் சாய்வை மாற்றிப் பிளேடை நடுவில் ஓடவைக்கும் டிராக்கிங் திருகை ஏறக்குறையக் கடைசிவரை முறுக்கினால்தான் பிளேடு மேல் சக்கரத்தில் நிற்கிறது. அப்போதும் கீழ்ச் சக்கரத்தில் பின் விளிம்பை ஒட்டியே ஓடுகிறது. ஓடும்போது பிளேடு ஒரே இடத்தில் இருப்பதில்லை, முன்னும் பின்னுமாகச் சுமார் 1.5 மி.மீ. அலைகிறது. ஃபென்ஸை (பலகையை ஒட்டித் தள்ளும் நேர்த் தடுப்பு) ஒட்டி வைத்து 120 மி.மீ. உயரப் பலகையைப் பிளந்தால், 300 மி.மீ. நீளம் போவதற்குள் வெட்டு 4 மி.மீ. விலகிவிடுகிறது.

மேசையைக் கழற்றிவிட்டு இரண்டு சக்கரங்களுக்கும் குறுக்கே நீளமான அலுமினியச் சட்டம் ஒன்றை வைத்துப் பார்த்தேன். கீழ்ச் சக்கரத்தைவிட மேல் சக்கரம் 4 மி.மீ. பின்னால் இருக்கிறது. மேல் சக்கரத்தைக் கழற்றி, பின்பக்கம் வாஷர் போட்டு முன்னால் கொண்டுவரலாம் என்று நினைக்கிறேன். சிலர் கட்டாயம் செய் என்கிறார்கள், சிலர் தொடவே தொடாதே என்கிறார்கள். எதைக் கேட்பது?

#2 வாய்ச்சி

வாஷரை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள் தம்பி. முதலில் சில கேள்விகள்.

அளக்கும்போது பிளேடு மாட்டி, டென்ஷன் (இழுவிசை) ஏற்றியிருந்தீர்களா? பிளேடைப் பக்கவாட்டில் தாங்கும் மேல் கைடு, கீழ் கைடு, அதன் முதுகைப் பின்னால் தாங்கும் த்ரஸ்ட் பேரிங் எல்லாவற்றையும் நன்றாகப் பின்னுக்குத் தள்ளிவிட்டுத்தான் டிராக்கிங் பார்த்தீர்களா? சக்கரத்தின் விளிம்பில் போட்டிருக்கும் ரப்பர் டயர் எப்படி இருக்கிறது? சக்கரத்தைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் ஏதாவது ஆட்டம் தெரிகிறதா?

கைடு பிளேடைத் தொட்டுக்கொண்டிருக்கும்போது டிராக்கிங் செய்தால், பிளேடை எங்கே ஓட வேண்டும் என்று கைடுதான் சொல்கிறது. சக்கரம் என்ன சொல்கிறது என்று நமக்குத் தெரியாமலே போய்விடும்.

#3 மரத்தூள்

அண்ணா, பிளேடைக் கழற்றிவிட்டுத்தான் அளந்தேன். சட்டம் இரண்டு சக்கரத்திலும் நன்றாகப் படியட்டும் என்றுதான். கைடுகளை மேலே மட்டும் தள்ளினேன், மேசைக்குக் கீழே இருப்பதை மறந்துவிட்டேன். மேல் சக்கரத்தில் ஆட்டம் இல்லை. டயரை இன்னும் சரியாகப் பார்க்கவில்லை.

#4 நேர்ச்சட்டம்

டென்ஷன் இல்லாமல் எடுத்த அளவை மறந்துவிடுங்கள். 12 மி.மீ. பிளேடைச் சரியாக இறுக்கினால் மேல் சக்கரத்தை 100 கிலோவுக்கு மேல் கீழே இழுத்துக்கொண்டிருக்கும். அந்தச் சக்கரம் இயந்திரச் சட்டத்துக்கு முன்னால் ஒற்றைத் தண்டில் தொங்குகிறது. இழுக்கும்போது தண்டின் முனை தணியும், இயந்திரச் சட்டமே கொஞ்சம் வளையும், சக்கரத்தின் தலை முன்னால் சாயும். இரும்பு அசையாது என்று நினைக்கிறோம், டயல் கேஜ் (நுண்ணிய அசைவை அளக்கும் கருவி) வைத்துப் பார்த்தால்தான் தெரியும் எவ்வளவு அசைகிறது என்று. நீங்கள் அறுக்கும்போது இயந்திரம் என்ன நிலையில் இருக்கிறதோ அந்த நிலையில்தான் அளக்க வேண்டும்.

நான் செய்யும் முறையைச் சொல்கிறேன். மின் இணைப்பைப் பிடுங்கிவிடுங்கள். நீங்கள் அதிகமாகப் பயன்படுத்தும் பிளேடை மாட்டி, வேலைக்கு இறுக்கும் அளவுக்கு இறுக்குங்கள். கையால் சுற்றி, பிளேடு மேல் சக்கரத்தின் நடுவில் நிற்கும்படி டிராக்கிங் வையுங்கள். அப்புறம் அந்த அலுமினியச் சட்டத்தை வையுங்கள். பிளேடு இருந்தாலும் சக்கரத்தின் விளிம்புமேல் சட்டம் உட்காரும், அச்சுக்குப் பக்கத்தில் செங்குத்தாக வைக்க இடம் கிடைக்கும். நடுவில் சட்டம் எதிலாவது இடித்தால், அந்த இடத்தில் மட்டும் வெட்டிக் குறைத்த நேரான பலகையும் போதும். ஆனால் அது உண்மையிலேயே நேராக இருக்க வேண்டும். ஒரு கோடு போட்டு, பலகையைப் புரட்டி அதே கோட்டோடு ஒட்டிப் பார்த்தால் அதன் குணம் தெரிந்துவிடும்.

இன்னொன்று, இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வார்ப்புச் சக்கரத்தின் விளிம்பு எல்லா இடத்திலும் ஒரே சமமாக இருக்காது. அதனால் மேல் சக்கரத்தின் விளிம்பில் ஓர் இடத்தில் சாக்பீஸால் குறி போடுங்கள். அந்தக் குறியை உச்சிக்குக் கொண்டுவந்து ஓர் அளவு, சக்கரத்தைச் சுற்றி அதே குறியை அடிக்குக் கொண்டுவந்து ஓர் அளவு. கீழ்ச் சக்கரத்துக்கும் அப்படியே. ஒரே புள்ளியை வைத்து அளப்பதால் விளிம்பின் கோணல் கணக்கில் வராது. உச்சி அளவுக்கும் அடி அளவுக்கும் உள்ள வித்தியாசம் சாய்வு. இரண்டு சக்கரமும் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தும் ஒன்று பின்னால் இருந்தால் அதுதான் வாஷர் போடுவதற்கான அளவு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு சாய்வுக்கு வாஷர் போடுகிறவர்கள்தான் பிறகு வாஷர் வேலை செய்யவில்லை என்று சொல்வார்கள்.

என் கருத்து, சக்கரங்கள் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். அது அடித்தளம். மற்றதெல்லாம் அதற்கு மேல்.

#5 இழைப்புளி

நேர்ச்சட்டம் ஐயா அளக்கும் முறை அருமை, அதில் எனக்கு மறுப்பே இல்லை. கடைசி வரியில்தான் ஒத்துப்போக முடியவில்லை.

மரத்தூளின் சக்கரம் மேடான டயர் கொண்டது. நடுவில் உயர்ந்து இரண்டு ஓரத்திலும் தாழ்ந்திருக்கும். பிளேடு மேட்டுக்கு ஒரு பக்கமாக நின்றால், மேட்டை ஒட்டிய விளிம்பு அதிகமாக இழுபடும், மற்ற விளிம்பு தளரும். அதனால் பிளேடு தன் அகலத்திலேயே கொஞ்சம் வளைந்து, அடுத்து வரும் பகுதி மேட்டின் பக்கமாக ஏறும். பழைய காலத்துத் தட்டைப் பட்டைகள் கப்பியைவிட்டு விழாமல் ஓடியதும் இதே காரணத்தால்தான். சாய்வும் அப்படித்தான். பிளேடு சக்கரத்தில் ஏறும் இடத்தில் அச்சுக்குச் செங்குத்தாக ஏறப் பார்க்கும். மேல் சக்கரத்தின் தலையைப் பின்னால் சாய்த்தால் பிளேடு பின்னால் போவது அதனால்தான்.

அதாவது இந்த இயந்திரமே சாய்வை வைத்து வேலை செய்யும்படி அமைக்கப்பட்டது. டிராக்கிங் திருகைத் தொட்ட நிமிடமே சக்கரங்கள் ஒரே தளத்தில் இல்லை. சில மில்லிமீட்டர் தள்ளியிருந்தும் பல வருடம் அழகாக அறுக்கும் இயந்திரங்களை நானே ஓட்டியிருக்கிறேன். பிளேடு நிற்கிறது, வெட்டு நன்றாக வருகிறது என்றால் சக்கரத்தைக் கழற்ற எனக்கு ஒரு காரணமும் இல்லை.

தட்டையான டயர் போட்ட பெரிய இயந்திரம் என்றால் பேச்சு வேறு. அங்கே ஏற மேடு கிடையாது. அகலமான பிளேடைப் பல் மட்டும் முன்னால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி ஓட்டுவார்கள். அதில் சக்கரங்கள் இணையாக இல்லாவிட்டால் உடனே காட்டிக்கொடுத்துவிடும். அந்த இயந்திரங்களில் கீழ்ச் சக்கரத்தின் தண்டையே நான்கு திருகுகளால் நகர்த்த வழி வைத்திருப்பதும் அதற்குத்தான்.

#6 நேர்ச்சட்டம்

இழைப்புளி எழுதியது: "பிளேடு நிற்கிறது, வெட்டு நன்றாக வருகிறது என்றால்"

இவருடையது நிற்கவில்லை, நன்றாகவும் வரவில்லை. திருகு கடைசியில் போய் முட்டுகிறது. அதைப் பார்த்த பிறகும் கழற்றக் காரணம் இல்லை என்று சொல்ல முடியாது.

#7 பழைய லேத்

நான் மரவேலைக்காரன் இல்லை, இயந்திரம் பழுதுபார்க்கிறவன். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் தம்பி சொன்னதில் ஒன்றை யாரும் கண்டுகொள்ளவில்லை. பிளேடு 1.5 மி.மீ. முன்னும் பின்னும் அலைகிறதே, அது ஏன்? சக்கரம் 4 மி.மீ. பின்னால் இருந்தால் பிளேடு தவறான இடத்தில் ஓடும். ஆனால் அந்தத் தவறான இடத்திலேயே நிலையாக ஓடும். அலைகிறது என்றால் ஏதோ ஒன்று சுற்றும்போது மாறிக்கொண்டே இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் வாஷர் போடுவது ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அளவெடுப்பது மாதிரி.

எது மாறுகிறது என்று கண்டுபிடிப்பது சுலபம். 14 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 1117 மி.மீ. உங்கள் பிளேடு 2375. பிளேடு ஒரு முழுச் சுற்று வருவதற்குள் சக்கரம் 2.1 சுற்றுச் சுற்றியிருக்கும். பிளேடின் பற்றவைத்த இணைப்பில் ஒரு சாக்பீஸ் குறி, மேல் சக்கரத்தில் ஒரு குறி, கீழ்ச் சக்கரத்தில் ஒரு குறி. மின்சாரம் இல்லாமல் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். பிளேடின் முதுகுக்குப் பின்னால் டயல் கேஜ் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் ஒரு பென்சிலைக் கட்டிவைத்து இடைவெளியைப் பாருங்கள்.

இணைப்பு வரும்போதெல்லாம் பிளேடு துள்ளினால் குற்றம் பிளேடில். இணைப்பு நேராகப் பற்றவைக்கப்படவில்லை. சக்கரத்தின் குறி வரும்போதெல்லாம் துள்ளினால் டயரிலோ சக்கரத்திலோ. இரண்டு சக்கரமும் ஒரே விட்டம், ஒரே வேகத்தில் சுற்றும் என்பதால் மேலா கீழா என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. அதற்குப் பிளேடைக் கழற்றிவிட்டு, டயருக்கு மிக அருகில் பென்சில் முனையை நிறுத்தி, சக்கரத்தைச் சுற்றி இடைவெளியைப் பாருங்கள். விரலால் டயரைத் தடவுங்கள். விரல் நிறையச் சொல்லும்.

#8 தச்சன்மகள்

லேத் ஐயா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டயருக்கும் சக்கரத்துக்கும் நடுவே மரத்தூள் போய்விடும். பழைய ரப்பர் டயரில் ஓரிடத்தில் பசை விட்டுப்போனால் அந்த இடைவெளியில் தூளும் பிசினும் சேர்ந்து கட்டியாகிவிடும். வெளியே பார்த்தால் டயர் நன்றாகத்தான் தெரியும். கட்டை விரலால் பக்கவாட்டில் அழுத்தித் தள்ளினால் அந்த இடம் மட்டும் நகரும்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். டிராக்கிங் பார்க்கிறேன் என்று கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மோட்டாரை ஓடவிடாதீர்கள். என் அப்பாவின் பட்டறையில் அப்படி ஓடும்போது பிளேடு சக்கரத்தைவிட்டு நழுவியது. வெளியே சுருண்டு விழுந்த வேகத்தை நான் பார்த்தேன். அப்பா ஓரடி தள்ளி நின்றதால் தப்பித்தார். கையால் இருபது முப்பது சுற்றுச் சுற்றிப் பார்த்து, கதவை மூடி, பிறகுதான் மோட்டார். முதலில் ஒரு நொடி மட்டும் தட்டிவிட்டு அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும்.

#9 மரத்தூள்

எல்லோருக்கும் நன்றி. ஞாயிறு முழுக்க இதிலேயே போனது. கண்டதைச் சொல்கிறேன்.

கீழ் கைடையும் பின்னுக்குத் தள்ளி, டென்ஷன் ஏற்றி, ஒரே குறியை வைத்து அளந்தேன். மேல் சக்கரம் 4 மி.மீ. இல்லை, 2.5 மி.மீ.தான் பின்னால். அதைத் தவிர மேல் சக்கரத்தின் தலை பின்னால் சாய்ந்திருக்கிறது. திருகு கடைசியில் இருக்கிறதே, அதனால்தான்.

சாக்பீஸ் சோதனையில் பிளேடு தப்பித்துவிட்டது. இணைப்பு எங்கே வந்தாலும் துள்ளல் இல்லை. சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை துள்ளுகிறது. மேல் சக்கரத்தின் டயரை விரலால் தள்ளிப் பார்த்தால், தச்சன்மகள் சொன்ன மாதிரியே ஒரு சாண் நீளத்துக்குப் பசை விட்டிருக்கிறது. உள்ளே கத்தி முனையை விட்டால் கறுப்பாகக் கட்டி வந்தது.

கீழ் டயர் அதைவிட மோசம். மேடே இல்லை. சின்ன மூலைமட்டத்தை டயரின் குறுக்கே வைத்துப் பார்த்தால் நடுவில் தட்டை, பின் விளிம்புக்குப் பக்கத்தில் பிளேடு ஓடி ஓடித் தேய்ந்த பள்ளம். பிளேடு பின்னால் போய் உட்காரும் இடம் அதேதான்.

#10 பழைய லேத்

அதுதான். மேடு தேய்ந்த டயரில் பிளேடுக்கு ஏற இடமில்லை, பள்ளம் இருந்தால் அதில் போய் விழும். முன்பு வைத்திருந்தவர் பிளேடை அங்கேயே ஓட்டியிருக்கிறார், பள்ளம் பிளேடை இழுத்திருக்கிறது, பிளேடு பள்ளத்தை ஆழமாக்கியிருக்கிறது. டிராக்கிங் திருகை எத்தனை முறுக்கினாலும் அந்தப் பள்ளத்தோடுதான் சண்டை போட்டுக்கொண்டிருந்தீர்கள்.

#11 இழைப்புளி

இரண்டு டயரையும் மாற்றிவிடுங்கள். ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள்.

ரப்பர் டயர் என்றால் பழைய பசையைச் சுத்தமாகச் சுரண்டி எடுத்து, புதியதை ஒட்டி, பிறகு மணல்தாளால் மேட்டைத் தேய்த்து உருவாக்க வேண்டியிருக்கும். யூரித்தேன் டயர் என்றால் பெரும்பாலும் பசை வேண்டாம். சக்கரத்தின் அளவைவிடச் சின்னதாகத்தான் வரும், இழுத்து மாட்ட வேண்டும். சூடான நீரில் சில நிமிடம் போட்டு வைத்தால் இளகும். ஓரிடத்தில் கிளாம்பால் பிடித்துக்கொண்டு, எதிரெதிராக இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டு போங்கள். இன்னொருவர் உதவிக்கு இருந்தால் நல்லது. மாட்டியபின் ஓரிடத்தில் இழுபட்டு மெலிந்தும் இன்னோரிடத்தில் தடித்தும் இருக்கும். டயருக்கு அடியில் வழவழப்பான உருண்டைக் கம்பி ஒன்றை விட்டு, சக்கரத்தை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றினால் இழுவிசை எல்லா இடத்திலும் சமமாகப் பரவிவிடும்.

மாட்டுவதற்கு முன் சக்கரத்தின் விளிம்பைப் பாருங்கள். யூரித்தேன் டயர் பொதுவாக ஒரே தடிமன். இரும்பில் மேடு இருந்தால்தான் டயரிலும் மேடு வரும். உங்களுடைய 14 அங்குல வார்ப்புச் சக்கரத்தில் இருக்கக்கூடும், இருந்தாலும் மூலைமட்டத்தை வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

#12 நேர்ச்சட்டம்

சக்கரம் கையில் இருக்கும்போதே பேரிங்குகளைக் காதருகே வைத்துச் சுற்றிப் பாருங்கள். கரகரவென்றால் மாற்றிவிடுங்கள். கீழ்ச் சக்கரத்துக்கு அருகில் பிரஷ் இருக்கிறதா? இல்லாவிட்டால் ஒன்று வைத்துவிடுங்கள், புதிய டயரில் பிசின் படியாமல் காக்கும். டயர் மாட்டியபின் மறுபடி அளந்து, வந்த அளவை இங்கே எழுதுங்கள். அதற்கு முன் வாஷர் பற்றி நான் பேசப்போவதில்லை.

#13 மரத்தூள்

டயர் இரண்டும் மாற்றியாகிவிட்டது. இரும்பில் மேடு இருந்தது. பேரிங் நன்றாக இருக்கிறது.

பிளேடின் அலைச்சல் 1.5 மி.மீ.யிலிருந்து 0.2-க்கு வந்துவிட்டது. நம்பவே முடியவில்லை. இப்போது டிராக்கிங் திருகு கடைசியில் இல்லை, பாதியைத் தாண்டி இருக்கிறது. ஆனால் மேல் சக்கரத்தில் பிளேடு நடுவில் இருக்கும்போது கீழ்ச் சக்கரத்தில் இன்னும் நடுவைவிட 3 மி.மீ. பின்னால் ஓடுகிறது. மறுபடி அளந்தேன்: மேல் சக்கரம் 2.5 மி.மீ. பின்னால், சாய்வு முன்பைவிட மிகக் குறைவு.

இப்போது வாஷர் போடலாமா?

#14 நேர்ச்சட்டம்

இப்போது போடுங்கள். எண் தெளிவாக இருக்கிறது, ஆடுகிறது எதுவும் இல்லை. வாஷரின் வெளி விட்டத்தைக் கவனியுங்கள். பேரிங்கின் உள் வளையத்தில் மட்டும்தான் அது அழுந்த வேண்டும். வெளி வளையத்தையோ மூடியையோ தொட்டால் பேரிங் சூடாகிச் சீக்கிரம் போய்விடும். 2 மி.மீ. போதும், மிச்சம் அரை மில்லிமீட்டருக்காக அலைய வேண்டாம். போட்டபின் முன்னால் இருக்கும் நட்டு முழுமையாகப் பிடிக்கிறதா, தண்டில் மரை மிச்சம் இருக்கிறதா என்றும் பாருங்கள். மரை போதாவிட்டால் வாஷரே வேண்டாம்.

#15 இழைப்புளி

நானாக இருந்தால் இந்த நிலையில் விட்டிருப்பேன். கீழே 3 மி.மீ. தள்ளி ஓடுவது வெட்டைக் கெடுக்காது. ஆனால் மரை இருக்கிறது, அளவு நம்பகமானது என்றால் போடுவதில் தீங்கும் இல்லை. மேல் சக்கரம் நேராக நிற்கும்போது டிராக்கிங் நிலையாக இருக்கும், பிளேடு மாற்றும்போதெல்லாம் திருகைத் தேட வேண்டியிருக்காது. அது உண்மையான லாபம்தான்.

#16 மரத்தூள்

2 மி.மீ. வாஷர் போட்டேன், உள் வளையத்தில் மட்டும் உட்காருகிறது, நட்டு முழுதாகப் பிடிக்கிறது. இரண்டு சக்கரத்திலும் பிளேடு கிட்டத்தட்ட நடுவில். திருகு நடு நிலைக்கு வந்துவிட்டது.

ஃபென்ஸ் விலகல் 300 மி.மீ.க்கு 4-லிருந்து 1.5 மி.மீ. ஆகியிருக்கிறது. முழுதாகப் போகவில்லை. ஃபென்ஸைச் சாய்த்துவிடட்டுமா?

#17 வாய்ச்சி

சாய்க்காதீர்கள் தம்பி, இன்னும் ஒரு படி இருக்கிறது. முதலில் மேசையில் நேராக வெட்டியிருக்கும் நீளப் பள்ளத்துக்கு ஃபென்ஸை இணையாக வையுங்கள். பிறகு மேல் சக்கரத்தில் பிளேடின் நடுவை வைக்காமல், பல் இடுக்கின் அடிப்பகுதியைச் சக்கரத்தின் உச்சி மேட்டில் கொண்டுவந்து நிறுத்துங்கள். 12 மி.மீ. பிளேடில் அது சில மில்லிமீட்டர் பின்னால் தள்ளுவதுதான். மேட்டின்மேல் பிளேடு எங்கே உட்காருகிறது என்பதைப் பொறுத்து அதன் முகம் லேசாகத் திரும்பும். முன்னால் நின்றால் ஒரு பக்கம், பின்னால் நின்றால் மறுபக்கம். வெட்டும் பகுதி மேட்டின்மேல் இருந்தால் பெரும்பாலும் ஃபென்ஸோடு இணையாக ஓடும். அதன் பிறகும் மிச்சம் இருந்தால் மேசையின் போல்ட்டுகளைத் தளர்த்தி, மேசையையே பிளேடுக்குத் திருப்பிவிடுங்கள். ஒருமுறை செய்தால் போதும்.

#18 தச்சன்மகள்

வாய்ச்சி அண்ணா சொல்வது எனக்கும் பல தடவை பலித்திருக்கிறது. ஆனால் எல்லாப் பிளேடிலும் பலிக்காது. விலகலுக்குப் பிளேடே காரணமாக இருந்தால் டிராக்கிங் எவ்வளவு மாற்றினாலும் தீராது. ஒரு பக்கத்துப் பற்கள் ஆணியிலோ கைடிலோ பட்டு மழுங்கியிருந்தால், வெட்டு எப்போதும் கூர்மையான பக்கம் சாயும். பற்களின் செட் (பற்கள் பக்கவாட்டில் வளைந்திருக்கும் அளவு) ஒரு பக்கம் அதிகமாக இருந்தாலும் அப்படித்தான். மரத்தூள், உங்கள் பிளேடு புதியதா?

#19 மரத்தூள்

இயந்திரத்தோடு வந்த பிளேடுதான். அங்குலத்துக்கு 6 பல். லென்ஸ் வைத்துப் பார்த்தேன், இடப்பக்கப் பற்களின் முனை மினுங்குகிறது.

#20 பழைய லேத்

மினுங்கினால் மழுங்கல். கூர்மையான முனை ஒளியைத் திருப்பாது. அந்தப் பிளேடைக் கழற்றி வையுங்கள். 120 மி.மீ. உயரத்தைப் பிளக்க அங்குலத்துக்கு 6 பல் எப்படியும் அதிகம். தூள் இடுக்கில் அடைத்துக்கொண்டு வெளியேற வழியில்லாமல் பிளேடைப் பக்கவாட்டில் தள்ளும். அங்குலத்துக்கு 3 பல் போடுங்கள்.

டென்ஷனையும் சேர்த்துச் சரிபாருங்கள். இயந்திரத்தில் இருக்கும் அளவுகோலை முழுதாக நம்ப வேண்டாம், பழைய ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் அது காட்டுவது பொய். வெர்னியர் (தாடைகள் கொண்ட நுண் அளவுகோல்) இருக்கிறதா? மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, பிளேடு தொங்காத அளவுக்கு மட்டும் இறுக்கி, வெர்னியரின் இரண்டு தாடைகளையும் 200 மி.மீ. இடைவெளியில் சின்ன கிளிப்புகளால் பிளேடில் பிடித்துவிடுங்கள். நகரும் தாடையின் பூட்டுத் திருகு தளர்ந்திருக்கட்டும். இப்போது இறுக்கிக்கொண்டே போங்கள். எண் 0.1 மி.மீ. கூடினால் எஃகில் தகைவு (குறுக்குவெட்டுப் பரப்பில் ஏறும் விசை) சுமார் 100 மெகாபாஸ்கல், பழைய கணக்கில் சதுர அங்குலத்துக்கு 15,000 பவுண்டு. சாதாரணக் கார்பன் எஃகுப் பிளேடுக்கு அது நல்ல தொடக்கம். அந்த இடத்தில் அளவுகோல் எங்கே நிற்கிறது என்று பெயின்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். மறுபடி அளக்க வேண்டியதில்லை.

டென்ஷனை மாற்றினால் டிராக்கிங்கும் நகரும். அதனால் முதலில் டென்ஷன், பிறகு டிராக்கிங், பிறகு கைடு. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

#21 மரத்தூள்

புதிய பிளேடு, அங்குலத்துக்கு 3 பல், அதே 12 மி.மீ. வெர்னியர் வைத்து 0.1 மி.மீ. வரை இறுக்கினேன். இயந்திரத்தின் அளவுகோல் அப்போது 12 மி.மீ. பிளேடுக்கான கோட்டைத் தாண்டி அடுத்த கோட்டில் நிற்கிறது. லேத் ஐயா சொன்ன மாதிரி பெயின்ட் வைத்துவிட்டேன்.

பிறகு பல் இடுக்கின் அடியை மேட்டின்மேல் நிறுத்தினேன். த்ரஸ்ட் பேரிங் பிளேடின் முதுகுக்கு அரை மில்லிமீட்டர் பின்னால், பக்கக் கைடுகள் ஒரு தாளின் கனம் விட்டு, அவற்றின் முன் முனை பல் இடுக்குக்குச் சற்றுப் பின்னால். மேலும் கீழும் அப்படியே.

அதே 120 மி.மீ. உயரம், 300 மி.மீ. நீளம். விலகல் 0.3 மி.மீ. அதுவும் நான் தள்ளிய வேகத்தால் இருக்கலாம், மெதுவாகத் தள்ளிய இரண்டாவது வெட்டில் தெரியவே இல்லை. 2 மி.மீ. தடிமனில் நான்கு தகடு அடுத்தடுத்து எடுத்தேன். நான்கையும் அடுக்கி விளக்கின் எதிரே பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மேசையின் போல்ட்டுகளைத் தொடவே இல்லை.

ஒரு சந்தேகம் மட்டும். கைடு கம்பத்தை மேலே ஏற்றினால் பக்கக் கைடு ஒரு பக்கம் பிளேடைத் தொடுகிறது. கீழே இறக்கினால் சரியாகிவிடுகிறது.

#22 நேர்ச்சட்டம்

கம்பம் பிளேடுக்கு இணையாக இறங்கவில்லை. அது சக்கரத்தின் குற்றம் இல்லை. கம்பத்தைப் பிடிக்கும் பகுதி தனியாகப் போல்ட்டில் இருந்தால், மெல்லிய தகட்டுத் துண்டை ஒரு பக்கம் வைத்து நேராக்கலாம். வார்ப்போடு சேர்ந்து இருந்தால் முடியாது, அப்போது உயரம் மாற்றும்போதெல்லாம் கைடை மறுபடி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நிமிட வேலை.

#23 மரத்தூள்

வார்ப்போடு சேர்ந்ததுதான். சரி, ஒவ்வொரு முறையும் வைத்துக்கொள்கிறேன்.

#24 தச்சன்மகள்

வேலை முடிந்ததும் டென்ஷனைத் தளர்த்திவிடுங்கள், இல்லாவிட்டால் புது டயரில் பிளேடு உட்கார்ந்த இடம் அமுங்கிப்போய் மறுபடி துள்ள ஆரம்பிக்கும். தளர்த்தியதும் கைப்பிடியில் ஒரு துணியைக் கட்டித் தொங்கவிடுவது என் அப்பாவின் பழக்கம். காலையில் மறந்துபோய் ஸ்விட்சைப் போடாமல் இருக்க.

#25 மரத்தூள்

சிவப்புத் துணி ஒன்று கட்டிவிட்டேன் அக்கா.